காலில்லாத மாடு

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். மேற்குச் சுவரோரம் கயிற்றுக் கட்டிலில் கொளஞ்சியப்பன் மல்லாந்து கிடந்தான். வலது தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருந்தது. காலுக்கு அடியில் வைக்கோல் திணித்த சாக்கு ஒன்று. கால்மாட்டில் தரையில், பனையோலை விசிறியோடு அவன் மனைவி வைரக்கண்ணு. தகப்பனார் அரியமுத்து குதிரில் முதுகைக் கொடுத்துக் குந்தியிருந்தார். ஆண்டிமடத்திலிருந்து முதல்நாளே வந்துவிட்ட தாய்மாமன் நல்லதம்பிக்கு வீட்டில் இருந்த ஒரே நாற்காலி. தாயார் பஞ்சவர்ணம் அடுப்படி வாசற்படியில், அடுப்பில் ஒரு கண்ணும் பேச்சில் ஒரு காதுமாக. சின்னவன் அழகேசன் மட்டும் எல்லாருக்கும் நடுவில், தன்னுடைய தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வைகாசியில் அவனோடு ஊர் திரும்பிய பெட்டி அது.

1945-ஆம் வருஷம், ஆனி பிறந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை. வெயில் ஏறிவிட்டது. மேல்காற்று முந்திரிக் கொல்லைகளின் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கதவிடுக்கில் கொட்டியது. நல்லதம்பி கொண்டுவந்த பலாப்பழத்தின் வாசனை வீடு முழுக்க இருந்தது. அதை அறுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

காலேஜிலிருந்து வந்த கடிதம் அரியமுத்துவின் மடியில் இருந்தது. வியாழக்கிழமை வந்தது. அழகேசன் அதை மூன்று தடவை தமிழில் சொல்லிவிட்டான். சீனியர் இண்டர், அதாவது இண்டர்மீடியட் இரண்டாம் வருஷ வகுப்பு, இருபத்தெட்டாம் தேதி திறக்கிறது. இடம் வேண்டும் என்கிறவர்கள் இருபத்திரண்டாம் தேதிக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நல்லதம்பி மத்தியான பஸ்ஸில் அரியலூர் போகிறவர். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா வாங்க வேண்டும். கடிதத்தைக் கையில் கொடுத்தால் ரயிலடியிலேயே தபாலில் சேர்த்துவிடுவார். அதற்குள் பேசி முடித்தாக வேண்டும்.

"நான் சுத்தி வளைச்சுப் பேசலை மச்சான்," என்றார் நல்லதம்பி. "கேவுரு கதிர் தள்ளுது. மொளகா பூத்து நிக்குது. மூணு நாள் தண்ணி பாயலைன்னா போச்சு. பெரியவன் எழுந்திரிக்க ஆவணி ஆவும், அதுவும் எப்படி எழுந்திரிப்பானோ. சின்னவன் இருந்தாத்தான் வூடு நிக்கும். இல்லைன்னு எழுதிப் போட்டுட்டு ஆவுற வேலையப் பாருங்க."

"அதெல்லாம் முடியாது மாமா," என்றான் கொளஞ்சியப்பன் கட்டிலிலிருந்து. "அவன் போவட்டும்."

"நீ படுத்துகிட்டுச் சொல்லுவே. யாரு கவலை ஓட்டித் தண்ணி எறைக்கிறது? உன் பொண்டாட்டியா?"

"ஏன், ஓட்டினா என்ன," என்றாள் வைரக்கண்ணு, விசிறியை நிறுத்தாமலே. "இந்தப் பதினேழு நாளா ஓட்டிகிட்டுத்தானே இருக்கோம்."

உண்மைதான். பதினேழு நாளாக அவளும் அழகேசனும்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். கிணற்றுமேட்டிலிருந்து மாடு சரிவில் இறங்க இறங்க, சால் என்கிற பெரிய வாளி கிணற்றிலிருந்து மேலே வரும். மாட்டைத் தூண்டிவிட்டு, விறைத்து நிற்கிற வடக்கயிற்றின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்துகொள்வான். அந்தக் கனமும் சேர்ந்து இழுத்தால்தான் சால் முழுசாக ஏறும். சால் கவிழ்ந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்ததும் ஆள் இறங்கிவிட வேண்டும். மாடு முகத்தைத் திருப்பாமல் பின்னங்காலாலேயே சரிவில் மேலேறி வரும். அது ஏற ஏற வெறும் சால் கிணற்றுக்குள் இறங்கும். ஒரு வேளைக்கு நூறு சால், நூற்றிருபது சால். அழகேசனின் உள்ளங்கையில் பேனா பிடித்த இடம் மிருதுவாகவும் மற்ற இடமெல்லாம் கொப்புளமாகவும் இருந்தது.

அரியமுத்து கனைத்துக்கொண்டார். "நான் கேக்குறது ஒண்ணுதான். எங்க அப்பாரு வெட்டுன சரிவு. முப்பது தப்படி நீளம், ஆறடிக்கு ஓரடி எறக்கம். நாப்பது வருஷமா அதுல எந்த மாடும் முட்டி போட்டதில்லை. முந்திரி பொறுக்க நான் உங்க மாமன் கொல்லைக்குப் பத்து நாள் போயிட்டு வர்றதுக்குள்ள அதை ஏன்டா கெணறு மாதிரி தோண்டினே?"

கொளஞ்சியப்பன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதான் சொல்லிட்டனே. செவலை மாடு வெக்கை நோவுல செத்துப்போச்சு. மயிலை ஒண்ணுதான். ஒத்த மாட்டுக்கு எறக்கம் செங்குத்தா இருந்தா சொலபமா இழுக்கும்னு நெனச்சேன். புத்தி கெட்டுப்போச்சு."

"எறங்குறதுக்கா சரிவு வெட்டுறாங்க? எந்த மாடும் எறங்கிடும். சரிவு வெட்டுறது மாடு திரும்பி ஏறி வர்றதுக்குடா. அதுவும் பின்னாலயே. மாட்டுக்குப் பின்னால கண்ணு இருக்கா?"

அழகேசன் பெட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

இந்தப் பேச்சு அவன் அண்ணனுக்கு விழ வேண்டியது அல்ல, அவனுக்கு விழ வேண்டியது. ஊர் வந்த நாலாம் நாள், செவலையைப் புதைத்த ஈரம் காயாத கொல்லையில், அண்ணன் கிணற்றுமேட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அழகேசனுக்குப் பேச்சு வாயில் நிற்கவில்லை. ஒரு வருஷமாகப் படித்தது இதற்குத்தானே என்று தோன்றியது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் ஒரு முக்கோணம் போட்டான். அதன் சாய்ந்த பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம்.

"மயிலைக்கு எழுநூறு பவுண்டு வெச்சுக்குவோம் அண்ணே. ஆறுக்கு ஒண்ணுன்னா அதோட சொந்த எடையிலேயே நூத்துப் பதினேழு பவுண்டு கீழ இழுக்குது. மூணுக்கு ஒண்ணுன்னு வெட்டினா அது இரட்டிப்பு. கூட வர்ற நூத்துப் பதினேழு சும்மா கெடைக்குது. நீ வடத்துல உக்காந்தா எவ்வளவு கனமோ அவ்வளவு. இன்னொரு அண்ணன் உக்காந்த மாதிரி."

கொளஞ்சியப்பன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தம்பியைப் படிக்கப் போட வேண்டும் என்று வீட்டில் முதலில் சொன்னவன் அவன்தான். பௌதிகத்தில் தம்பி ஐம்பதுக்கு நாற்பத்தொன்று வாங்கியதை ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தான். முக்கோணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒன்றும் புரிந்திருக்காது.

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்," என்று மண்வெட்டியை எடுத்தான்.

ஆறு நாள் இரண்டு பேரும் வெட்டினார்கள். நாலு நாள் மயிலை இழுத்தது. சால் மேலே வந்த வேகத்தைப் பார்த்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள்கூட வந்து நின்று பார்த்தார்கள். ஆனால் நாலு நாளும் வடத்திலிருந்து சொட்டிய தண்ணீர் செம்மண்ணில் ஊறிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் காலை, முப்பத்தெட்டாவது சால் கவிழ்ந்து, மாடு பின்னுக்கு ஏறுகையில் பின்னங்கால் வழுக்கியது. உட்கார்ந்தது. உட்கார்ந்த மாடு அப்படியே பக்கவாட்டில் அண்ணனின் வலது காலின் மேல் உருண்டது. இறக்கம் குறைவாக இருந்திருந்தால் கொளஞ்சியப்பன் ஒதுங்கியிருப்பான்.

வகுப்பில் முதல்நாள் அவனுக்குச் சிரிப்பு வந்தது நினைவிருக்கிறது. கயிற்றுக்கு எடை இல்லை என்று வைத்துக்கொள்வோம் என்றார் லெக்சரர். உருளை வழவழப்பானது என்று வைத்துக்கொள்வோம், உராய்வு என்பதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நனைந்த வடத்தைத் தோளில் சுமந்தவன் அவன். கப்பிக்கு விளக்கெண்ணெய் போட்டவன். பக்கத்தில் இருந்த பையன்கள் யாரும் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் அவனும் சிரிப்பதை விட்டுவிட்டான். வைத்துக்கொண்டால் கணக்கு எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று தெரிந்துபோனது.

"மாமா," என்றான் அழகேசன். "அந்தச் சரிவ வெட்டச் சொன்னது நான்."

விசிறி நின்றது.

"டேய், வாய மூடு," என்றான் கொளஞ்சியப்பன். பிறகு சிரித்தான். சிரித்ததில் தொடை வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "பாத்தீங்களா மாமா? படிக்கப் பயந்துகிட்டு எப்படிப் பேசுறான் பாருங்க. அடுத்த வருஷப் பாடம் கஷ்டம்னு அன்னைக்கே சொன்னான். பழிய ஏத்துகிட்டு இங்கேயே தங்கிடலாம்னு பாக்குறான்."

"அண்ணே, பொய் சொல்லாத."

"யாரு பொய் சொல்றது?"

நல்லதம்பி நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்தார். "இருங்கடா. காலேஜ்ல மண்ணு வெட்டுறதாடா சொல்லிக் குடுக்குறாங்க? அதுக்கா திருச்சிக்கு அனுப்பினாங்க?"

அழகேசன் எழுந்து பெட்டியைத் திறந்தான். சட்டைகளுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துப் பக்கம் புரட்டி மாமன் கையில் கொடுத்தான். நல்லதம்பி அதைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார்.

"இது என்ன, கூரையா?"

"சரிவு மாமா."

"இந்தப் பொட்டி?"

"அதுதான் மாடு."

"மாடா?" நல்லதம்பி எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார். "அக்கா, இங்க வந்து பாரு. உன் மவன் மாடு வரைஞ்சிருக்கான். கொம்பு இல்லாட்டிப் போவுது, காலு எங்கடா?"

"கால் வேண்டியதில்ல மாமா. எடை தெரிஞ்சாப் போதும்."

சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. கட்டிலைப் பார்க்காமல் இருக்க முயன்றான். தப்பை கட்டிய கால் பார்வையில் பட்டுக்கொண்டே இருந்தது.

"காலு வேண்டியதில்லையாம்," என்று நல்லதம்பி தொடையில் தட்டிச் சிரித்தார். பஞ்சவர்ணம்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "இதப் பாத்தா உங்க அண்ணன் வெட்டினான்? அவனுக்குப் பைத்தியமா? போடா, போய் வேற பொய் சொல்லு."

அரியமுத்து கையை நீட்டினார். நோட்டு அவர் கைக்குப் போனது. அவருக்கு எழுத்துத் தெரியாது. முக்கோணத்தின் மேல் விரலை வைத்து, சாய்ந்த கோட்டோடு கீழே கொண்டுபோனார்.

"இந்த மாடு எந்தப் பக்கம் போவுது?"

"கீழ, அப்பா."

"ம். திரும்பி மேல வர்ற படம் எங்க?"

அரியமுத்து தானே பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் ஒரு உருளையும், இரண்டு பக்கமும் தொங்கும் இரண்டு எடைகளும் இருந்தன. அதற்கடுத்த பக்கத்தில் ஒரு கோபுரத்திலிருந்து விழும் கல். இன்னும் இரண்டு பக்கம் திருப்பினார். பிறகு முதல் பக்கத்துக்கே வந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. பெரியவனை ஒரு தரம் பார்த்தார், சின்னவனை ஒரு தரம் பார்த்தார். நோட்டை மூடிப் பெட்டிக்குள் தானே வைத்தார்.

"அவன் போவட்டும்," என்றார்.

"மச்சான்?"

"போவட்டும்னுட்டேன். பாதி படிச்சுட்டு வந்து பாதிக் கணக்குப் போட்டா இப்படித்தான் ஆவும். மீதியையும் படிச்சுட்டு வரட்டும்."

"தண்ணி யாரு எறைக்கிறது?"

"நான் வடத்துல உக்காருறேன். மருமவ மாட்டைப் பாத்துக்கும்."

"உங்களுக்கு அறுவது தாண்டிடுச்சு. அரணை மாதிரி ஒடம்பு. நீங்க உக்காந்தா வடம் அசையுமா?"

"அசையுற மட்டும் அசையட்டும். அரைச் சால் எறைப்போம்."

இனிப் பேசிப் பயனில்லை என்று நல்லதம்பிக்கு அக்காள் வாசற்படியிலிருந்து தலையசைத்துவிட்டாள். அரியமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சரிவில் பாதிதான் திரும்பத் தூர்த்திருந்தார்.

அழகேசன் பெட்டியை மூடி அதன் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டான். யுத்தத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. நல்ல தாள் இரண்டுதான் மீதம். ஆண்டிமடத்தில் ஹைஸ்கூல் படிக்கையில் கற்றுக்கொண்ட முறைப்படி வலது மேல் மூலையில் ஊர், அதற்கடியில் தேதி, இடப்பக்கம் பிரின்ஸிபாலின் மேல்விலாசம், எல்லாம் எழுதினான். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

வைரக்கண்ணு கேழ்வரகுக் கூழும் வறுத்த மோர்மிளகாயும் கொண்டுவந்து வைத்தாள். கொளஞ்சியப்பன் கண்ணை மூடியிருந்தான். நல்லதம்பி வேலியோரம் வெற்றிலை துப்பிக்கொண்டிருந்தார்.

"குடிங்க தம்பி. ஆறிடும்."

"அண்ணி, நீங்களாவது சொல்லலாம்ல. கொட்டகைச் சுவத்துல நான் போட்டுக் காட்டினப்ப நீங்க சாணி அள்ளிகிட்டு அங்கதான் இருந்தீங்க."

"இருந்தேன்." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "எறங்குறது சரி, ஏறும்போது மாடு என்ன பண்ணும்னு கேக்கணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. நானும் தெனம் அந்த மாட்டைப் புடிச்சவதானே. காலேஜ் கணக்கு, நமக்கு என்ன தெரியும்னு முழுங்கிட்டேன். ஒரு வார்த்தை. கேட்டிருந்தா அவரு நடந்துகிட்டு இருப்பாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இதை உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள்.

"நான் இங்க இருந்தா உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும் அண்ணி."

"இருக்கும். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க இருந்தீங்கன்னா அவரு படுத்துகிட்டு உங்களையே பாத்துகிட்டு இருப்பாரு. தம்பி படிப்பு என்னாலதானே போச்சுன்னு. அவரு மனசு அப்படி. நீங்க போனா, தெனம் வடத்துல ஏறுற உங்க அப்பாவ நான் பாத்துகிட்டு இருக்கணும். எதுன்னு நான் சொல்ல?" எழுந்து போய்விட்டாள்.

கூழ் தொண்டையில் இறங்கியது. குடித்து முடித்ததும் அவனுக்கு ஒரு வழி தெரிந்தது. இந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எதை எழுதினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. இருபத்திரண்டாம் தேதி கடந்துவிட்டால் இடம் போய்விடும், அதற்கப்புறம் யார் என்ன செய்ய முடியும். மளமளவென்று எழுதினான். குடும்ப நிலைமை காரணமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை, தயவுசெய்து என் பெயரை நீக்கிவிடவும். ஆறு வரி. கையெழுத்துப் போட்டு மடித்து உறையில் வைத்தான். மனசு லேசானது. மயிலையின் கழுத்தை நாளைக் காலையில் தானே தடவிக்கொடுத்து ஓட்டலாம், வடத்தில் அப்பா உட்கார வேண்டாம்.

"எழுதிட்டியாடா?" கொளஞ்சியப்பன் விழித்திருந்தான்.

"எழுதிட்டேன். படிச்சுக் காட்டட்டுமா அண்ணே?"

தமிழில் வேறு என்ன சொல்வது என்று அவன் முன்பே யோசித்து வைத்திருந்தான். அது அவசியப்படவில்லை.

"எதுக்கு? நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்." கொளஞ்சியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளப் பார்த்தான். கால் விடவில்லை. அப்படியே மோட்டுவளையைப் பார்த்தான். "லீவுக்கு வரும்போது மேல ஏறுற கணக்கையும் போட்டுக்கிட்டு வா. அப்பாருக்குக் காட்டுவோம்."

கொட்டகைச் சுவரடியில், மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்ன அதே குரல். 'சரியாத்தான் இருக்கும்' என்ற அதே சொல். அழகேசன் உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒட்டுவதற்கு வாழையிலைத் துண்டில் அம்மா வைத்திருந்த சோற்றுப் பருக்கை காய்ந்துகொண்டிருந்தது.

நல்லதம்பி உள்ளே எட்டிப் பார்த்தார். "கிழக்கால பஸ்ஸு சத்தம் கேக்குற மாதிரி இருக்கு. ஆச்சா?"

"ஆச்சு மாமா. ஒரு நிமிஷம். ஒரு தப்பு."

உறையிலிருந்து தாளை உருவி நாலாகக் கிழித்தான். கடைசித் தாளை எடுத்தான். வலது மூலையில் ஊர், அதற்கடியில் தேதி. இருபத்தெட்டாம் தேதி காலை வகுப்புக்கு வந்து சேருகிறேன், என் இடத்தை எனக்கே ஒதுக்கிவைக்கவும். இது மூன்று வரியில் முடிந்தது. கையெழுத்தில் மை கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டது. அதை ஊதிக் காயவைத்து, மடித்து, பருக்கையைத் தேய்த்து ஒட்டினான். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தான். வைரக்கண்ணு கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள். என்னவென்று கேட்கவில்லை.

பஸ் சாலையில் வந்து நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கரியடுப்பைச் சுமந்துகொண்டு புகையும் பஸ். நல்லதம்பி கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். "மூணு மணிக்குள்ள ரயிலடிப் பொட்டியில போட்டுடுவேன். கவலைப்படாத."

மேற்கே இரண்டு பர்லாங்கில் ஓடை. பஸ் அதில் சுலபமாக இறங்கிவிட்டது. எதிர்க்கரையில் ஏற முடியவில்லை. பாதி ஏறி, திணறி, பின்னுக்கு வந்தது. கண்டக்டர் எல்லாரையும் இறங்கச் சொன்னான். ஜனங்கள் இறங்கிக் கரையேறி நடந்தார்கள். கிளீனர் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்துவிட்டு அடுப்பில் கரியைக் கிளறினான்.

அழகேசன் சாலையில் நின்றிருந்தான். ஓடினால் பிடித்து, கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். மாமா கரையில்தான் நிற்கிறார். சட்டைப் பையைத் துண்டோடு சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. இரண்டு பர்லாங்கு தூரந்தான். கொல்லைப் பக்கமிருந்து அப்பாவின் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பஸ் மறுபடி முயன்றது. கிளீனர் கல்லை நகர்த்தி நகர்த்தி வைத்தான். மூன்றாவது தடவை ஏறிவிட்டது. ஜனங்கள் ஒவ்வொருவராக உள்ளே ஏறினார்கள். கடைசியாக மாமா ஏறினார்.